வட்டத்துல ஒரு கல்லு இல்ல

மயிலத்துக்குப் பக்கத்துல எங்க மல்லாட்டை கொல்லியில, அதான் வேர்க்கடலை போடுற நெலத்துல, பெரிய பெரிய கல்லா வட்டமா நட்டு வச்சிருக்கும். அத்தத் தொட்டா வூட்டுல சாவு வுழும்னு ஊர்ல சொல்லுவாங்க. டிராக்டர் திரும்ப எடம் பத்தலன்னு நான் ஒரு கல்லப் பொரட்டி வரப்புல போட்டேன். எட்டாம் நாள் அப்பா மாரடைப்புல போய்ட்டாரு.

காரியம் முடிஞ்ச மறுநாள் அந்தக் கல்லுங்கள அளக்க தொல்லியல் துறையிலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. ஒல்லியான ஆளு, வெயில்ல மூக்குத் தோலு உரிஞ்சிருந்துச்சு. டேப்பு புடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கல்லுமேலயும் ஜுரம் பாக்குற மாதிரி கைய வச்சுப் பாப்பாரு. நான் பின்னாடியே போய்க்கினு இருந்தேன். காலி எடம் வந்ததும் நின்னுட்டாரு.

“இங்க இருந்த கல்லு எங்க தம்பி?”

“நான்தான் சார் எடுத்தேன். அதனாலதான் எங்கப்பா செத்துட்டாரா?”

அவரு சிரிக்கல.

“இது சமாதி தம்பி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இருக்கும். செத்தவங்களுக்காக அவங்க வூட்டு ஆளுங்க இழுத்தாந்து வச்ச கல்லு. அவங்களும் உன்ன மாதிரி அழுதவங்கதான். உங்கப்பாவ அவங்க ஏன் எடுத்துக்கப் போறாங்க?”

“அப்புறம் ஏன் சார் எட்டாம் நாளே போனாரு?”

அவரு டேப்பைச் சுருட்டினாரு.

“எங்கம்மா செத்த அன்னிக்குக் காலையில நான் அவங்ககிட்ட சண்ட போட்டேன் தம்பி.”

“அதனாலயா சார்?”

“இல்லன்னுதான் எல்லாரும் சொல்றாங்க.”

எல்லாரும் சொல்றத அவரு நம்புறாரான்னு கேக்க எனக்கு பயமா இருந்துச்சு. கேக்காமலே பஸ் ஏத்தி வுட்டுட்டேன்.