மாரியப்பன் அண்ணனின் இருபத்தைந்து நிமிடம்

மாரியப்பன் அண்ணனுக்கு வயது நாற்பத்து மூன்று. பூதலூரில் ஒன்பது மா, கிட்டத்தட்ட மூன்று ஏக்கர் குத்தகை நிலம், ஒரு மனைவி, ஒரு கித்தார். இந்த மூன்றில் மனைவி ஜெயபாரதிதான் அவருக்குக் கவலையே கொடுக்காதவர் என்று நாங்கள் கிண்டல் செய்வோம். தண்ணீர் எப்போது வரும் என்ற கவலை வைகாசியில் தொடங்கிக் கார்த்திகையில் முடியும். கித்தார் கவலைக்கு மாதக் கணக்கு கிடையாது.

துரைராசு அண்ணன் நடத்தும் இன்னிசைக் குழுவில் அவர் பதினாறு வருஷமாகக் கித்தார் வாசிக்கிறார். நான் சூர்யபிரகாஷ், அதே குழுவில் கீபோர்டு. மேடையில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் என் ஸ்டாண்டு. அதனால் அவர் வாசிப்பின் லட்சணம் எனக்கு அத்துப்படி. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தவை நாலே கார்டு, நாலு விதமான விரல்பிடி. எந்தச் சுருதியில், எந்த ஸ்கேலில் பாட்டு வந்தாலும் கித்தாரின் கழுத்தில் கேப்போ என்கிற கிளிப்பை நகர்த்தி மாட்டிக்கொண்டு, அதே நாலு பிடியில் ஒப்பேற்றிவிடுவார். பதினாறு வருஷம் ஒப்பேற்றுவதும் ஒரு திறமைதான். எனக்கு வராது.

இந்த வருஷம் வைகாசி முடியும் நேரத்தில் மோகனப்பிரியா என்ற புதுப் பாடகி குழுவில் சேர்ந்தார். நல்ல குரல். ஒரு பாட்டில் கடைசிச் சரணத்தை மட்டும் ஒரு ஸ்கேல் ஏற்றிப் பாடினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்றார். எனக்கு அது ஒன்றுமே இல்லை, கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் ஸ்கேல் ஏறிவிடும். கித்தார்க்காரர் பாட்டின் நடுவே கேப்போவைக் கழற்றி மாட்ட முடியுமா? ஆள்காட்டி விரலை ஆறு கம்பியின் மேலும் குறுக்கே படுக்கவைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடியைத்தான் அண்ணன் பதினாறு வருஷமாகத் தவிர்த்து வந்தார்.

ஒத்திகையில் அந்த இடம் வந்தது. கித்தார் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுபோனது. மோகனப்பிரியா பாட்டை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். இரண்டாம் முறையும் அப்படியே. துரைராசு அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"ஆடி மூணாம் வெள்ளி வரைக்கும் பாப்போம் மாரியப்பா. சரியா வரலன்னா சூர்யாவே கீபோர்டுல கித்தாரையும் சேத்து வாசிச்சிக்கட்டும். நீ வயலப் பாத்துக்க."

ஆடி மூன்றாம் வெள்ளிக்கு ஏழு வாரம் இருந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் கீபோர்டு வயரைச் சுற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவனா என்று அப்போது எனக்கே தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் காலை ரயிலில் கித்தாரோடு தஞ்சாவூர் போக ஆரம்பித்தார். யாராவது கேட்டால் கம்பி மாற்றப் போவதாகச் சொன்னார். வாரா வாரம் கம்பி மாற்றும் ஒரே கித்தார் உலகத்திலேயே அதுதான். உண்மையில் அவர் போனது மருந்துக் கடை ஒன்றின் மாடியில் பூமிகா நடத்திய கித்தார் வகுப்புக்கு. பூமிகாவுக்கு இருபத்தைந்து வயது. மற்ற மாணவர்களெல்லாம் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் நடுவில், பதினாறு வருஷம் மேடை ஏறிய மனுஷன் சின்ன பிளாஸ்டிக் ஸ்டூலில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் பின்னால் அவரே என்னிடம் சொன்னது. சொல்லும்போதும் வியர்த்தது அவருக்கு.

தினமும் எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள் என்று பூமிகா முதல் நாளே கேட்டிருக்கிறார். மூன்று மணி நேரம் என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். வயலிலிருந்து வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஜெயபாரதி அக்கா விளக்கை அணைக்கும்வரை வாசிப்பார். பூமிகா வாசித்துக் காட்டச் சொன்னார். அண்ணன் பாட்டை ஆரம்பித்தார், பிசகினார், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். திரும்பவும் பிசகினார், திரும்பவும் முதலிலிருந்து. கால் மணி நேரத்தில் ஒரு தடவைகூடக் கடைசிச் சரணத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை.

"அண்ணா, பாட்டோட ஆரம்பம் உங்களுக்குத் தூக்கத்துலகூட வரும். நீங்க பயப்படற எடத்த மட்டும் நீங்க வாசிக்கவே இல்ல" என்றார் பூமிகா.

அவர் எழுதிக் கொடுத்த திட்டம் ஒரு நாளுக்கு இருபத்தைந்தே நிமிடம். முதல் ஐந்து நிமிடம் விரல்களைக் கம்பிகளின்மேல் மெதுவாக நடக்கவிட வேண்டும். அடுத்த பத்து நிமிடம் பழைய பிடியிலிருந்து புதுப் பிடிக்கு மாறுவது மட்டும், போனில் தாளத்தட்டு ஓடவிட்டு, பிசகாத வேகத்தில். கடைசிப் பத்து நிமிடம் கடைசிச் சரணம் மட்டும். பிசகினாலும் நிற்காமல் முடிவுவரை போக வேண்டும். அதன்பிறகு நன்றாக வந்துகொண்டிருந்தாலும் கித்தாரைக் கீழே வைத்துவிட வேண்டும். எத்தனை மணிக்கு வாசித்தார், எது வந்தது, எது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும்.

இருபத்தைந்து நிமிடம் என்பது ஏமாற்று வேலை என்றுதான் அண்ணன் நினைத்தார். பாத்தி நிரம்பத் தண்ணீர் விட்டுப் பழகியவருக்குச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னால் மனசு ஆறுமா? முதல் வாரம் நோட்டில் இருபத்தைந்து என்று எழுதிவிட்டு இரண்டு மணி நேரம் வாசித்தார். டீச்சருக்கே பொய்க் கணக்கு. பூமிகா விரலைப் பார்த்தே கண்டுபிடித்தார், ஆனால் திட்டவில்லை. உங்களைப் பயம்தான் வாசிக்க வைக்கிறது, அது வாசித்தால் கை இறுகும் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அண்ணன் சொன்னபடி கேட்டார். இரண்டாம் வாரக் கடைசியில் புதுப் பிடியில் ஆறு கம்பியும் ஒரு தடவை சுத்தமாகப் பேசின. ஒரே ஒரு தடவைதான். அன்று அவர் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டதாக அக்கா சொன்னார்.

அப்புறம் மேட்டூர் தண்ணீர் வந்தது. முன்பே விட்டிருந்த நாற்றும் தயாரானது. ஆள் கிடைக்காத காலம், அதனால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் வயலுக்கு ஒருவர் போய் வேலை செய்வார்கள். காலை ஆறு மணிக்கு நாற்றங்காலில் உட்கார்ந்து நாற்றைப் பறித்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடி முடியாக, சின்னச் சின்னக் கட்டுகளாகக் கட்டிப் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு நாள் பொழுதெல்லாம் கை தண்ணீரில்தான். சாயந்திரம் விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருக்கும். அந்த விரலோடு அண்ணன் கித்தாரை எடுத்தார். கம்பி சதையில் இறங்கியது. பதினாறு வருஷமாக விரல் நுனியில் காய்த்திருந்த தோல் ஊறி, பட்டை பட்டையாக உரிந்து வந்தது.

அவர் அதைப் பூமிகாவிடம் சொல்லவில்லை. வலிக்கிறது என்று மட்டும் போனில் சொன்னார். வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் தோல் காய்த்துவிடும் என்று பூமிகாவும் வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதைச் சொல்லிவிட்டார். ஏழு வாரத்தில் மூன்று வாரம் மிச்சம். அந்தப் புதுப் பிடியைப் பிடித்தாலே அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒருநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, அவர் தூக்கத்தில் இடது கையை மூடி மூடித் திறக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது, துரைராசு அண்ணனிடம் நீயாவது பேசக் கூடாதா என்று கேட்டார். பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

ஐந்தாவது ஞாயிறு பூமிகா நோட்டை வாங்கிப் புரட்டினார். நடுவில் இரண்டு நாள் மட்டும் நன்றாக வந்ததாக எழுதியிருந்தது. அந்த இரண்டு நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒருநாள் அமாவாசை, ஒருநாள் பக்கத்துத் தெருவில் சாவு, வேலைக்குப் போகவில்லை என்றார் அண்ணன். மற்ற நாளெல்லாம்? நாற்றுப் பறிப்பு. பூமிகா நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்.

"அதுல கையில தண்ணி படுமா அண்ணா?"

அந்த ஏழு வாரத்தில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தது அப்போது மட்டும்தான். சிரித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினார். பூமிகாவின் முகம் மாறிவிட்டது. தப்பு என்மேல்தான், உங்கள் வேலை என்னவென்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று வருத்தப்பட்டார். திட்டம் அங்கேயே மாறியது. இனிமேல் வாசிப்பு விடியற்காலையில், தண்ணீரில் கை வைப்பதற்கு முன்னால், தோல் காய்ந்திருக்கும்போது. சாயந்திரம் கம்பியை அழுத்தவே கூடாது. விரலைத் தொட்டும் தொடாமலும் இடம் மாற்றிப் பழகினால் போதும். உரிந்த விரல் ஆற மூன்று நாள் கித்தாரைத் தொடக் கூடாது.

மூன்று நாள் சும்மா இருந்ததுதான் அவருக்குப் பெரிய தண்டனை. இருப்புக் கொள்ளாமல் வரப்பிலேயே நடந்தார். நான்காம் நாள் நாலரை மணிக்கு எழுந்து வாசித்தார். என் வீட்டு ஜன்னல் வழியாக எனக்குக் கேட்கும். மெதுவாக, தாளத்தட்டோடு, கடைசிச் சரணம் மட்டும். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் சுத்தமாவதைப் படுக்கையில் கிடந்தபடி கேட்டேன். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அதற்குக் காரணம் உண்டு.

ஆடி மூன்றாம் வெள்ளி பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலில் கச்சேரி. ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். நாலாவது பாட்டு அந்தப் பாட்டு. கடைசிச் சரணம் வந்தது, மோகனப்பிரியா ஸ்கேல் ஏற்றினார், நான் பட்டனை அழுத்தினேன், அண்ணன் விரலைப் படுக்கவைத்தார். ஒரு கம்பிகூட ஊமையாகவில்லை. முடிவுவரை சுத்தம். அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. முதல் வேலையாக மேடைக்கு முன்னால் நின்ற துரைராசு அண்ணனைப் பார்த்தார். துரைராசு அண்ணன் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாரியப்பன் அண்ணன் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

விழாக்குழுவினர் மேடையேறி ஒருவருக்கொருவர் சால்வை போர்த்த ஆரம்பித்தார்கள். அது முடிய எப்படியும் கால் மணி நேரம் ஆகும். மேடைக்குப் பின்னால் வந்து அண்ணன் என்னிடம், "நல்லா இல்லியா தம்பி?" என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவர் கித்தார் வெளியே கேட்கவே இல்லை என்று சொன்னேன். நாலு வருஷமாகவே அப்படித்தான். துரைராசு அண்ணன் சொல்லி, சவுண்ட் பார்க்கும் பரிதி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் அவர் லைனைத் தரையோடு வைத்திருக்கிறான். மேடையில் அவர் காலடியில் இருக்கும் ஸ்பீக்கரில் மட்டும் அவருக்குக் கேட்கும். கூட்டத்துக்குக் கேட்பது நான் கீபோர்டில் இடது கையால் கித்தார் டோன் வைத்து வாசிப்பது. அவரைத் தவிர எல்லோருக்கும் இது தெரியும். பதினாறு வருஷ ஆளிடம் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல மனசில்லாமல்தான், அவரே விலகிக்கொள்ளட்டும் என்று துரைராசு அண்ணன் நாள் குறித்தார்.

அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்திலிருந்த வயர்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நாலு வருஷமா நான் பிசகுனது யாருக்கும் கேக்கல" என்றார். அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. பிறகு, "இன்னிக்கு வாசிச்சதும் கேக்கல" என்றார்.

எழுந்து நேராகக் கூட்டத்துக்குள் இறங்கி மிக்சர் மேசைக்குப் போனார். நான் பின்னாலேயே ஓடினேன். பரிதியிடம் லைனைத் தூக்கி விடச் சொன்னார். பரிதி, அங்கே வந்து நின்ற துரைராசு அண்ணனைப் பார்த்தான். மாரியப்பன் அண்ணனும் துரைராசு அண்ணனைப் பார்த்தே சொன்னார்.

"ஒரு பாட்டுக்குத் தூக்கி விடச் சொல்லுங்கண்ணே. கெட்டுப்போச்சுன்னா நானே நாற்காலிய மடக்கி வச்சிட்டுப் போயிடறேன்."

துரைராசு அண்ணன் பதில் சொல்வதற்குள் விழாக்குழுத் தலைவரின் சீட்டு வந்தது. அவர் சம்பந்தி வீட்டார் தாமதமாக வந்திருக்கிறார்களாம், அந்த நாலாவது பாட்டை மறுபடி பாட வேண்டுமாம். துரைராசு அண்ணன் சீட்டைப் பார்த்தார், பரிதியைப் பார்த்தார், தலையை லேசாக ஆட்டினார்.

பாட்டு தொடங்கியதும் நாலு பெட்டி ஸ்பீக்கரிலும் அண்ணனின் கித்தார் வந்தது. தன் சத்தத்தைக் கேட்டு அவரே மிரண்டுபோனார். இரண்டாவது அடியில் ஒரு கார்டு கரகரத்தது. ஊருக்கே கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார். கடைசிச் சரணத்துக்கு நாலு தட்டு இருக்கும்போது என் இடது கை வழக்கம்போல் கித்தார் டோனுக்குப் போனது. அவர் விழுந்தால் தாங்கிக்கொள்ள என் கை தயாராக இருந்தது. அதைத்தான் நாலு வருஷமாக நான் உதவி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். இனி அவர் பிசகினால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது.

ஸ்கேல் ஏறியது. கித்தாரும் ஏறியது. மோகனப்பிரியா பாடிக்கொண்டே ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தார், பிறகு குரலை இன்னும் கொஞ்சம் திறந்து பாடினார்.

பாட்டு முடிந்ததும் துரைராசு அண்ணன் மேடையின் ஓரமாக வந்து நின்று, ஏன்டா கையை எடுத்தாய் என்று என்னை அதட்டினார்.

"அண்ணன் வாசிக்கிறாருல்ல" என்றேன்.

மாரியப்பன் அண்ணன் தலை நிமிராமல் கித்தாருக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார். பிறகு துரைராசு அண்ணன் கூட்டத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பரிதிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"அந்த லைன எறக்காத. அப்படியே இருக்கட்டும்."