எட்டு வயதுப் பிள்ளைக்கு நாலு புத்தகம்

ராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு புத்தகக் கடை இருக்கிறது. முன்பக்கம் முழுக்கப் பள்ளிக்கூட நோட்டும் கைடும். அதில்தான் குடும்பம் ஓடுகிறது. உள்ளே ஃபேனுக்கு நேர் கீழே நான் ஆசைப்பட்டு வைத்திருக்கும் சிறுவர் புத்தக அலமாரி. “அந்த எடத்துல ஜெராக்ஸ் மிஷின் போட்டிருந்தா இந்நேரம் மாடி கட்டியிருக்கலாம் ஜெயப்பிரியா” என்று என் வீட்டுக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவார். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

“பிள்ளைக்கு நல்ல புத்தகமா எடுத்துக் குடுங்க” என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாதி எரிச்சல், பாதி பாவமாக இருக்கும். நல்ல புத்தகம் என்றால் கடைசிப் பக்கத்தில் நீதி இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது, பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது, காய்கறி சாப்பிட வேண்டும். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் இதையெல்லாம் எந்தப் பிள்ளை படிக்கும்? அந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்து வேண்டும், ரகசியம் வேண்டும். வாத்தியார் அநியாயமாக அடித்தால் ‘இது அநியாயம்’ என்று சொல்கிற புத்தகம் வேண்டும். செத்துப்போவது என்றால் என்ன என்று யாராவது நேராகச் சொல்ல மாட்டார்களா என்று அது காத்துக்கொண்டிருக்கும். இதைச் சொன்னால் பெற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பொது அறிவு வினா விடை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

காஜா நவாஸ் அந்த ரகம் இல்லை. நீதி கீதி எல்லாம் அவர் கேட்டதே இல்லை.

அவருக்கு ஊர் திருப்பாலைக்குடி. தகப்பனார் நாட்டுப்படகில் போய்க்கொண்டிருந்தவர். காஜா நவாஸ் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொஞ்ச நாள் கடல், கொஞ்ச நாள் தொண்டியில் பலசரக்குக் கடை என்று திரிந்து, கடைசியில் ஊர்க்காரர் ஒருவர் மூலமாகச் சவூதியில் தம்மாம் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு கம்பெனியின் காய்கறிக் குடோனில் வேலை. குளிர்சாதன அறைக்குள் பெட்டி அடுக்குவது. “வெளிய வெயில்ல கொதிக்கும், உள்ள ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குவோம்க்கா” என்று சிரிப்பார். நூர் நிஷாவைக் கல்யாணம் முடித்ததும் ஒரு லீவில், மகள் மாஷிதாவை முதல்முதலாகத் தூக்கிப் பார்த்ததும் ஒரு லீவில். அப்போது மாஷிதாவுக்கு நடக்கத் தெரிந்திருந்தது. இவரைக் கண்டதும் வீல் என்று கத்திக்கொண்டு உம்மாவிடம் ஓடினாளாம். அதை அவர் என்னிடம் வேடிக்கை மாதிரிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாஷிதா மூன்றாவது படிக்கும்போது வந்த லீவில் மகளைக் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தார். அவளே ஆசையாக ஒரு படப் புத்தகம் எடுத்தாள். பலூனைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற முயல் கதை. இங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்துக் காட்டினாள். காஜா நவாஸ் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த முறை தம்மாம் போனவர், விசாவுக்குப் பொறுப்பான கபீல் மாறியது, கம்பெனி கைமாறியது என்று லீவு தள்ளித் தள்ளிப் போய், மூன்று வருஷத்துக்கு மேல் ஊர்ப் பக்கம் வரவே முடியவில்லை.

ஆனால் மாதா மாதம் எனக்கு வாய்ஸ் மெசேஜ் மட்டும் தவறாது. “அக்கா, எட்டு வயசுப் புள்ளைக்கு நாலு புஸ்தகம் எடுத்து வைங்க. படம் நெறையா இருக்கணும். எழுத்து பெருசா இருக்கட்டும்.” நூர் நிஷா டவுனுக்குச் சாமான் வாங்க வரும்போது வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

முதல் வருஷம் சரி. அடுத்த வருஷமும் எட்டு வயதுதான். அதற்கடுத்த வருஷமும் எட்டு வயதுதான். வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் வீட்டில் இது புதிதில்லை. இந்தப் பக்கம் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும், வாப்பா ஆசையாகக் கொண்டுவந்து பிள்ளைக்கு நுழையாமல் போன கவுன் ஒன்று பிளாஸ்டிக் கவரோடு இருக்கும். பிறந்த தேதியைக் கேட்டால் சரியாகச் சொல்வார்கள். வயதைக் கேட்டாலும் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள். கடையில் போய் நின்றதும் மட்டும், கண்ணுக்குள் கடைசியாகப் பார்த்த பிள்ளை வந்து நின்றுகொள்கிறது.

மாஷிதா ஐந்தாவது படிக்கும்போது ஒருநாள் உம்மாவோடு வந்தாள். நூர் நிஷா காய்கறி வாங்கப் போக, இவள் நான் எடுத்து வைத்திருந்த கட்டைப் பிரித்து ஸ்டூலில் உட்கார்ந்து நாலு புத்தகத்தையும் மடமடவென்று படித்தாள். மூலை மடங்காமல் திரும்ப அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

“ஆன்ட்டி, இதைக் குடுத்துட்டு வேற எடுத்துக்கிரட்டா?”

“எடுத்துக்கம்மா. ஆனா வாப்பாட்ட சொல்லிரு. அடுத்த தடவ வயசு பாத்துக் கேப்பாருல்ல.”

“வேணாம் ஆன்ட்டி, நீங்களும் சொல்லிராதீங்க. அவங்க நெனப்புல நான் சின்னப் புள்ளயாவே இருக்கேன். இருந்துட்டுப் போறேன்.”

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வருவாள், வாத்துக் கதையையும் கரடிக் கதையையும் படிப்பாள், திருப்பிக் கொடுப்பாள், தனக்கு வேண்டியதை எடுப்பாள். துப்பறிகிற பிள்ளைகள், பந்து விளையாடப் போய் ஊரே எதிர்த்து நிற்கிற பெண், கடலடி உயிர்கள், பேய் வீடு என்று அவளுக்கு எல்லாம் வேண்டும். திருப்பிக் கொடுக்கப் போகிற புத்தகத்தை எதற்கு இவ்வளவு கவனமாகப் படிக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். வெள்ளிக்கிழமை வாப்பா போன் பேசும்போது கதை கேட்பார், சொல்ல வேண்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, கடைப் பையனை அநியாயமாகத் திட்டினேன்.

போன வருஷக் கடைசியில் ஒருவழியாகக் காஜா நவாஸுக்கு லீவு கிடைத்தது. வந்த வாரமே எனக்குக் கோடாலித் தைலமும் ஒரு டப்பா பேரீச்சம்பழமும் கொண்டுவந்தார். முடி நரைத்திருந்தது. முகத்தில் சந்தோஷமே இல்லை.

“புள்ள வளந்துருச்சுக்கா. எந்தோள் உசரம் இருக்கா. கொண்டாந்த செருப்புல பாதிக் காலு வெளிய நிக்கிது. அதைக் கூட விடுங்க. போன்ல அம்புட்டுக் கத சொல்லுவா. நேர்ல ‘ம்’ங்கிறா, ‘இல்ல வாப்பா’ங்கிறா, உள்ள போயிர்றா. எனக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. சாப்பிட்டியான்னு எத்தன தடவதான் கேக்குறது? லீவு பாட்டுக்குக் கரையுது. இப்படியே பிளேன் ஏறிருவேனோன்னு பயமா இருக்கு.”

மாஷிதாவுக்குக் கொடுத்த வாக்கை மீற எனக்கு மனம் வரவில்லை. பழகப் பழகச் சரியாகிவிடும் தம்பி என்று ஒப்புக்குச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் மனிதர் வேறு ஆளாக வந்தார். கடை நிறையக் கூட்டம். கையில் வைத்திருந்த புத்தகத்தை மேசையில் ஓங்கிப் போட்டார்.

“என்னக்கா இது? நான் கேட்டது என்ன, நீங்க அனுப்புனது என்ன? புள்ள அலமாரியத் தொறந்து பாத்தேன். இந்த ரெண்டு வருஷமா நான் சொன்னதுல ஒரு புஸ்தகங்கூட அங்கன இல்ல. எல்லாம் பேயி, களவு. இதுல ஒரு பொண்ணோட தம்பி செத்துப்போறான். இதையா எம்மகளுக்குக் குடுத்தீங்க? விக்காததை எல்லாம் ஏந்தலையில கட்டிட்டீங்களா?”

எனக்குக் கோபம் என்பது மூக்கு நுனியில் இருக்கும். விக்காதது என்ற வார்த்தையைக் கேட்டதும் வாக்காவது ஒன்றாவது.

“ஏந்தம்பி, ஒங்க மக ஏழாவது போகப்போறா. அவளுக்கு முயலும் வாத்தும் வாங்கி அனுப்பினா என்ன பண்ணுவா? அவதான் மாத்திக்கிட்டுப் போனா. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்காத குறை!”

“பொய் சொல்லாதீங்க. வாத்துக் கதைய எங்கிட்ட அவ போன்ல சொன்னா. முழுசாச் சொன்னா.”

“சொல்லுவா. இந்தா, இந்த ஸ்டூல்லதான் உக்காந்து படிப்பா. நீங்க கேட்டாச் சொல்லணுமேன்னு ஒண்ணு விடாமப் படிச்சிட்டுத்தான் மாத்துவா.”

அவர் அந்த ஸ்டூலைப் பார்த்தார். அப்புறம் அதிலேயே உட்கார்ந்துவிட்டார். நோட்டு வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்களை அதட்டி அனுப்பினேன்.

“வெள்ளிக்கிழம ஆனா, ரூம்ல எல்லாரும் தூங்கப் போயிருவாங்கக்கா. நான் படிக்கட்டுல உக்காந்து அவ கதையக் கேப்பேன். கேட்டாத்தான் எனக்கு அந்த வாரம் ஓடும். நான் அவளுக்கு விளையாட்டுக் காட்டுறதா நெனச்சேன். அவதான் எனக்கு விளையாட்டுக் காட்டியிருக்கா” என்றார்.

அவளிடம் போய்ச் சண்டை போடாதீர்கள் என்று கெஞ்சினேன். “சண்டையா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?” என்று சொல்லிவிட்டு, மேசையில் போட்ட புத்தகத்தை எடுத்துச் சட்டையில் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

பிளேனுக்கு முந்தின நாள் மூன்று பேருமாக வந்தார்கள். வந்ததும் மாஷிதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்தது. நான் பில் புக்கைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வழக்கமாக அவளுக்கு என்ன எடுப்பது என்றுதான் பேச்சு நடக்கும். அன்றைக்குக் காஜா நவாஸ் அலமாரிக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“ஏம்மா, வாப்பாவுக்கு ஒரு புஸ்தகம் எடுத்துக் குடேன்.”

மாஷிதா நம்பாமல் உம்மாவைப் பார்த்தாள். நூர் நிஷா, எடுத்துக் கொடு என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“நீங்க கடைசியா என்ன படிச்சீங்க வாப்பா?”

“எட்டாவது சமூக அறிவியல். அதுவும் பாதி.”

மாஷிதா சிரித்துவிட்டாள். அந்த வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ராத்திரி ரூம்ல லைட்டு எரியுமா?”

“எரியாதும்மா. ஆறு பேரு. ஒருத்தன் தூங்குறப்ப ஒருத்தன் டூட்டிக்குப் போவான். செல்லு வெளிச்சம்தான்.”

“நீங்க எந்தக் கட்டில்?”

“மேல் கட்டில். நிமிந்தா தலை இடிக்கும்.”

அவள் சிரிப்பு போய்விட்டது. மேல் கட்டில் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. ஒரு பெரிய புத்தகத்தை எடுத்தவள், கனம் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். இன்னொன்றை எடுத்து எழுத்து பொடி என்று வைத்தாள். தீவில் மாட்டிக்கொண்ட நாலு பிள்ளைகளின் கதையை எடுத்து, அத்தியாயம் எல்லாம் சின்னதா என்று புரட்டிப் பார்த்து, அதை வாப்பா கையில் கொடுத்தாள்.

“தெனம் ஒரு அத்தியாயம். வெள்ளிக்கிழம நான் கேப்பேன். அழுக வர்ற கத ஒண்ணு வேணுமா வாப்பா?”

“வேணாம்மா. அங்கன அழுதா கீழ படுத்திருக்கவன் என்னன்னு கேப்பான்” என்றார்.

மாஷிதா கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப அந்தத் தம்பி செத்துப்போற கதைய நீங்க தனியாப் படிக்காதீங்க. நானே போன்ல சொல்றேன். அழுக வந்தாச் சொல்லுங்க, நிப்பாட்டிர்றேன்.”

காஜா நவாஸ் மகள் கொடுத்த புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டிராதம்மா” என்றார்.