மூன்று தரம் இழுத்த கதவு

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. லவால் என்ற பக்கத்து நகரத்து மண்டபம் ஒன்றில் மகளின் தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா. அவள் ஒத்திகைக்கென்று காலையிலேயே போய்விட்டாள். எனக்கோ மனம் சரியில்லை. என் கறுப்புக் குளிர் ஜக்கெட்டைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன்.

"காரிலைதானே போறம், பழசைப் போடுங்கோவன்" என்றாள் மனைவி.

பழையதைப் போட்டேன். கதவைப் பூட்டி மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். கீழே இறங்கி, திரும்பவும் ஏறி, இன்னொரு தரம் இழுத்தேன். நான் அப்படித்தான்.

அப்போதெல்லாம் சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இங்கிலாந்துக்காரரின் நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்று ஓடும். சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொரு கிழமையும் அதே ஆட்கள். அதில் ஒரு கிழவன் வருவான். வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிடுவான், கதவு நினைவு வரும், திரும்பி ஓடுவான், பஸ் போய்விடும். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவர்களுடைய ஆங்கிலம் பாதி விளங்காது. அந்தக் கிழவன் மட்டும் முழுதாக விளங்குவான். கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பேன். மகளும் சிரிப்பாள். அவள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்பது எனக்குத் தெரியாது.

விழாவில் அவளுடைய வகுப்பு ஒரு பகிடி நாடகம் போட்டது. மேடைக்கு முதலில் வந்தது என் ஜக்கெட். அதற்குள்ளே என் பதினைந்து வயது மகள், மீசை கீறிக்கொண்டு. இல்லாத கதவை மூன்று தரம் இழுத்தாள்.

"இஞ்சேரப்பா, கதவைப் பூட்டினனானோ?"

அச்சாக என் குரல். மெத்ரோ ரயிலுக்கு ஓடுவாள், பாதியில் திரும்புவாள், இழுப்பாள். இரண்டாம் தரம் மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. மூன்றாம் தரம் சனமே அவளோடு சேர்ந்து அந்த வசனத்தைக் கத்தியது. பக்கத்தில் இருந்தவர் என் தொடையில் தட்டி, "அண்ணை, உங்களை உரிச்சு வைச்சிருக்கிறாள்!" என்றார். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் கேவலம்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்: "ஏன் பிள்ளை, அவ்வளவு சனத்துக்கு முன்னாலை..."

"அப்பா, அது பகிடி. அந்தக் கிழவனைப் பாத்து ஆகலும் கூடச் சிரிக்கிறது நீங்கள்தானே?"



அவளுக்கு நான் சொல்லாதது ஒன்று உண்டு. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜ் என்ற இடத்தில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஒருநாள் கடைசியாக வெளிக்கிட்ட நான் கதவைப் பூட்டாமல் வேலைக்குப் போய்விட்டேன். கூட இருந்த ஒருவனுடைய அகதி வழக்குக் கடதாசிகள் பையோடு களவு போயின. வழக்குத் தோற்று, அவனைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அவன் என்ன ஆனான் என்று தெரியாது. அவன் என்னை ஒரு வார்த்தை ஏசவும் இல்லை.

இப்போது மகளோடு வெளிக்கிட்டால் கதவை ஒரு தரம்தான் இழுக்கிறேன். பிறகு கையுறையை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லித் தனியே மேலே ஏறி வருகிறேன்.

அந்தக் கிழவன் எந்தக் கதவை ஒருநாள் பூட்டாமல் விட்டானோ என்று, அத்தனை சனிக்கிழமையும் சிரித்த நானாவது ஒருதரம் யோசித்திருக்கலாம்.