எஸ்தரின் கட்டுரையில் கடைசி வரி

அந்தப் பொய்யை எழுதியவன் நான். எஸ்தர் அல்ல.

அவள் என் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நான் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் தமிழாசிரியர். இத்தனை ஆண்டுகளாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்ற துணிச்சலில்தான். கோழைக்கு வாய்க்கும் துணிச்சல் அவ்வளவுதானே!

வலைப்பூ என்ற சொல் புதிதாகப் புழங்கத் தொடங்கியிருந்த காலம். திருவள்ளூரில் நடந்த ஒரு கணினிப் பயிற்சியில், இணையத்தில் இலவசமாகப் பக்கம் தொடங்கலாம், பிள்ளைகளின் எழுத்தை உலகமே படிக்கும் என்றார்கள். எங்கள் பள்ளியிலும் கணினிகள் இருந்தன. உறை போர்த்தி, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் பத்திரமாக வைத்திருந்தார். இணைய இணைப்பு கிடையாது. எனக்கோ ஆசை விடவில்லை. கடைத்தெருவில் இருந்த பிரவுசிங் சென்டருக்கு நடையாய் நடந்தேன்.

வினாடி வினா ஒன்று செய்து பார்த்தேன், பாதியில் நின்றுபோனது. வாக்கெடுப்பு வைத்தேன், நான் ஒருவனே வாக்களித்தேன். வலைப்பூ மட்டும் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளின் கட்டுரைகளைத் தட்டுத்தடுமாறித் தட்டச்சு செய்து ஏற்றினேன். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் பாராட்டினார். கனடாவிலிருந்து இன்னொருவர். "நம்மள ஃபாரின்ல படிக்கிறாங்களா ஐயா?" என்று பிள்ளைகள் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எஸ்தர் 'என் அப்பாவின் சட்டை' என்று ஒரு கட்டுரை கொடுத்தாள். அவள் அப்பா ஏசுபாதம் தொழிற்பேட்டையில், ஓர் இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தீப்பொறி தெறித்துச் சட்டையெல்லாம் பொத்தல். ஒன்றைத் தைத்தால் மறுநாள் வேறொன்று விழும் என்பதால் அம்மா ஊசியையே எடுப்பதில்லையாம். தங்கை அந்தப் பொத்தல்களில் விரல் விட்டு விளையாடுவாளாம். 'அப்பா குளித்துவிட்டு வந்து எங்களோடு சாப்பிடுவார்' என்று முடித்திருந்தாள்.

நல்ல முடிவு. இன்று தெரிகிறது. அன்று எனக்குச் சப்பென்று இருந்தது.

ஆசிரியர்களான எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கோ ஆண்டு மலருக்கோ போகிற மாணவர் கட்டுரைக்கு ஆசிரியர்தான் முத்தாய்ப்பு வைப்பார். பெயர் பிள்ளையுடையது, கடைசி வரி எங்களுடையது. அதை யாரும் தவறென்று நினைத்ததில்லை. நானும் வைத்தேன்: 'கண்ணில் பொறி தெறிக்கும் அந்த வேலைக்கு, ஆலை என் அப்பாவுக்கு ஒரு கண்ணாடி கூடத் தரவில்லை.'

எப்படி இருக்கிறது? நெஞ்சைத் தொடுகிறதல்லவா? கனடாக்காரரையும் தொட்டது. உண்மைதானா என்று நான் எஸ்தரைக் கேட்கவில்லை. கீழே வழக்கம்போல அவள் வகுப்பு, தந்தை பெயர், ஊர் எல்லாவற்றையும் போட்டேன். ஆலையின் பெயரை அவளே கட்டுரைக்குள் எழுதியிருந்தாள்.

ஆலை அலுவலகத்தில் யாரோ அதைப் பார்த்து அச்செடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலை, காண்ட்ராக்டரின் மேஸ்திரி அந்தத் தாளோடு தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏசுபாதம் நின்றுகொண்டிருந்தார். என்னையும் எஸ்தரையும் கூப்பிட்டனுப்பினார்கள்.

"கண்ணாடி குடுக்கலன்னு போட்டுக்கீது. குடுத்த கண்ணாடி இவுரு ஊட்டு ஆணில தொங்கினு கீது. இன்னா சார் இது? கம்பெனில என்னியப் புடிச்சி கேக்கறாங்க" என்றார் மேஸ்திரி.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"பசங்க எழுதறத அப்படியே ஏத்திடுவேன் சார்" என்றேன். ஆம், என் வாயால் சொன்னேன்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். அந்த வரி என்னுடையது என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். மெமோ வரும், பணிப்பதிவேட்டில் ஏறும், வலைப்பூவை மூடச் சொல்வார்கள்... அந்த நேரத்திலும் நான் வலைப்பூவை நினைத்தேன்! பேனா மூடியைத் திருகிக்கொண்டு கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன்.

"நான்தான் சார் எழுதனேன்" என்றாள் எஸ்தர்.

ஏசுபாதம் அவளை அடிக்கவில்லை. "இன்னாத்துக்கும்மா பொய் எழுதன?" என்று மட்டும் கேட்டார்.

அவருக்கு வேலை போயிற்று. சுற்றுவட்டாரத்தில் எந்தக் காண்ட்ராக்டரும் சேர்த்துக்கொள்ளவில்லை. தடாவுக்கு அப்பால், ஆந்திராவில் ஏதோ சூளை வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவதாகக் கேள்விப்பட்டேன். எங்களோடு சாப்பிடுவார் என்று எஸ்தர் எழுதிய வரியும் அதோடு பொய்யாகிவிட்டது.

வலைப்பூவை நானே அழித்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று உங்களிடம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பிடித்தது என் கை அல்லவா?

ஒரு மதியம் எஸ்தரைத் தனியே நிறுத்திக் கேட்டேன். "ஏம்மா அப்படிச் சொன்ன?"

"உங்களுக்கு பேஜாராயிடும்னுதான் ஐயா."

"அப்பாகிட்டயாவது உண்மைய சொன்னியா?"

"இல்ல ஐயா. நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. நாளைக்கே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த 'நாளை' வரவேயில்லை... அதன்பிறகு அவள் கட்டுரைகளைக் கைடில் இருந்தபடியே மனப்பாடம் செய்து எழுதினாள். நானும் முழு மதிப்பெண் போட்டேன்.

சில ஆண்டுகள் கழித்து, கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் ஏசுபாதத்தைக் கண்டேன். ஒதுங்கப் பார்த்தேன். அவரே தேடி வந்து கும்பிட்டார்.

"எஸ்தரு நல்லா கீறா ஐயா. கம்பெனி வேலைக்குப் போய்க்கினு கீறா" என்றவர், சற்றுத் தயங்கினார். "அன்னிக்கி பொய் எழுதி உங்களையும் தலகுனிய வச்சிட்டா. அறியாத பொண்ணு... மனசுல வச்சிக்காதீங்க ஐயா."

மேஸ்திரி இல்லை. தலைமையாசிரியர் இல்லை. மெமோ கொடுக்க யாரும் இல்லை. நானும் அவரும் மட்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா?

"பரவாயில்லைங்க... நான் அத எப்பவோ மறந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. வண்டி வந்தது, ஏறிப் போனார். அவர் மகளை நான் மன்னித்து அனுப்பியிருந்தேன்.