பேராசிரியர் பார்க்க வந்த வேலி

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி வனவிலங்கு உயிரியல் முதுகலை படித்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. “புலிக்கு ஊசி போடுவீங்களா அம்மணி?” என்று ஒரு கல்யாணப் பந்தியில் கேட்டார்கள். புலியை நான் கூண்டுக்குள் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் நிலத்து வேலி. அதைச் சொன்னால் இன்னும் பலமாகச் சிரித்தார்கள்.

தாராபுரம் பக்கம் எங்கள் வீட்டையொட்டி ஒரு கொறங்காடு இருந்தது. உழாமல் மாடு மேய விட்டிருக்கும் புல்நிலத்தை அப்படிச் சொல்வோம். நடுவே வெள்வேல மரங்கள், சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கோழிகூட நுழைய முடியாத அடர்த்தி. அதை நட்டது யாரென்று அப்பாவுக்கே தெரியாது. கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, செம்போத்து எல்லாம் அதற்குள்தான் கூடு கட்டின. வனத்துறைக் கணக்கில் வராத இந்த மேய்ச்சல் நிலங்களில் பறவைகள் பிழைத்துக் கிடப்பதே வேலியால்தான் என்பது என் வாதம். சனி ஞாயிறுகளில் பஸ் பிடித்து வந்து, கூடு இருக்கும் கிளையில் எண் போட்ட சின்னத் தகர வில்லையைக் கட்டி, முட்டை பொரிந்ததா, குஞ்சு பறந்ததா என்று குறித்துக்கொள்வேன். கையெல்லாம் முள் கீறியிருக்கும். அம்மா மஞ்சள் வைத்துவிடுவார். அப்பா அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவருக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். முதுகலை முடிந்ததும் கல்யாணம் என்று வீட்டில் பேச்சு. ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதாகவும் சொல்லியிருந்தார்கள். எனக்கோ மேலே ஆராய்ச்சி செய்ய வேண்டும், இந்த வேலியை இன்னும் சில வருஷம் தொடர்ந்து பார்க்க வேண்டும். அப்பாவிடம் நேரில் கேட்கத் தைரியம் இல்லாமல் என் பேராசிரியரைப் பிடித்தேன். வேலியையும் பார்த்தாற்போல் இருக்கும், உன் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னாற்போலவும் இருக்கும் என்று அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டார். சார் வேலிக் கூடுகளைப் பார்க்க வருகிறார் என்று வீட்டுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

அன்று பல்லடம் தாண்டியதிலிருந்து காரில் நான் வாயை மூடவில்லை. எங்கள் வண்டித்தடத்தில் திரும்பியபோது தடம் அகலமாக, வெளிச்சமாக இருந்தது. டிரைவர் வழி மாறிவிட்டார் என்று நினைத்து, “இது இல்லீங்கண்ணா, பின்னாடி எடுங்க” என்றேன்.

அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தேன். சலவை வேட்டியும் துண்டுமாக வெயிலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாகப் புதுக் கல்லுக்கால்கள், முள்கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் எங்கள் மாடுகள். வேலி இருந்த இடத்தில் கரியும் சாம்பலும். ஒரு குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

காரிலிருந்து எப்படி இறங்கினேன் என்பது இன்றுவரை நினைவில்லை.

“வாங்க, வாங்க” என்று அப்பா பேராசிரியரைக் கும்பிட்டார். “காரு வாரதுக்குத் தடம் பத்தாதுங்க. அதான் ஆளுங்கள உட்டு வெட்டிச் சுத்தம் பண்ணிப்போட்டனுங்க.”

“வேலி எங்கீங்கப்பா?” என்றேன். கண்ணெதிரே சாம்பலாய்க் கிடப்பதை எங்கே என்று கேட்கிற பைத்தியக்காரத்தனம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

“உன்ற சாமான் ஒண்ணும் தொலையல கண்ணு. உள்ள வா, காட்டறேன்.”

வீட்டுக்குள்ளே தக்காளிக் கூடைகள் வரிசையாக இருந்தன. வைக்கோல் பரப்பி, அதன்மேல் கூடுகள். என் வில்லைகள் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் அந்தந்தக் கூட்டோடு நூலால் கட்டியிருந்தார். முட்டைகள் எங்கே என்று கேட்டேன். அடைக்கோழிக்கு அடியில் வைத்திருப்பதாகச் சொன்னார்.

“ஆளுங்கள நம்பலீங்க, நானே கூட நின்னு எடுத்தேன்” என்றார் பேராசிரியரிடம். “புள்ள வாராவாரம் முள்ளுக்குள்ள கைய உட்டுக் கிழிச்சுக்குது. நீங்களும் வந்து அதுல குனியோணுமுங்களா? இப்படிக் கட்டில்ல உக்காந்தே பாருங்க.”

ஒரு கூட்டில் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள். அலகோரத்தில் ராகிக் கூழ் காய்ந்து ஒட்டியிருந்தது. “இதுக மட்டும் கூழு குடிக்க மாட்டீங்குது” என்றார், நிஜமான கவலையோடு. அதில் ஒன்று செத்துவிட்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆத்திரத்தில் கத்துவதற்கு வாயைத் திறந்தும் விட்டேன். “இரும்மா” என்றார் பேராசிரியர், மெதுவாக. மலையில் யாராவது பச்சை மரத்தை ஒடித்தாலே சீறிப் பாய்கிற மனிதர் அவர். கட்டிலில் உட்கார்ந்து கூடுகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிப் பார்த்தார். “ரொம்பச் சிரமப்பட்டு எடுத்திருக்கீங்க” என்று அப்பாவிடம் சொன்னார். அது பொய்யும் இல்லை.

இலை போட்டார்கள். பேராசிரியர் என் மேல்படிப்புப் பேச்சையே எடுக்கவில்லை. இனிமேல் எடுத்து என்ன செய்ய என்று நானும் குனிந்தே இருந்தேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அப்பாதான் ஆரம்பித்தார்.

“புள்ள இன்னும் மேல படிக்கோணுமுன்னு அவங்கம்மாகிட்டச் சொல்லுச்சாமுங்க. எத்தன வருசமானாலும் படிக்கட்டுங்க. மாப்பிள்ள ஊட்டுக்காரங்கள வர வேண்டாமுன்னு சொல்லிப்போட்டேன்.”

பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன்.

“வேலி போனாப் போகுதுங்க” என்றார் அப்பா. “நமக்குப் புள்ள படிப்புத்தானுங்க பெருசு. இல்லயா கண்ணு?”

சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஆமாங்கப்பா” என்றேன்.