சங்கு ஊதினா வாந்தி

காய்ச்சலையும் கழிச்சலையும் நான் ஒரு கை பார்த்துருவேனுங்க. "புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க சிஸ்டர்"னு வாசல்லயே வழியனுப்பற ஊடுகதான் நம்ம தொழில்ல பெரும்பாடு. வால்பாறை எஸ்டேட்டுகள்ல மருந்துப் பையோட ஏறி எறங்கற நர்சு நான். என்னைப் போல வாங்கிக் கட்டிக்கறவங்க இதுக்குத் தலையாட்டுவீங்க.

தோண்டற விளையாட்டு

போன மழைக்கு, தோட்டத் தொழிலாளிக குடியிருக்கற லைன் வீடுக மேல மண்ணு சரிஞ்சு விழுந்துபோச்சு. தப்பிச்சவங்களை சர்ச் ஹால்ல தங்க வெச்சிருந்தாங்க. அங்க குழந்தைக ஒரு விளையாட்டு கண்டுபிடிச்சுதுக. ஒருத்தர் படுத்துக்கணும், மேல போர்வையெல்லாம் குமிக்கணும், மத்தவங்க தோண்டி எடுக்கணும். அம்மாக்களெல்லாம் "அபசகுனம்"னு அடிக்க ஓடினாங்க. "கையை வெச்சீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். புள்ளைக பயத்தை விளையாடித்தான் எறக்கும்"னு குறுக்க நின்னேன்.

ஒரு பொடியன் என் சேலையை இழுத்தான். "சிஸ்டர், நீங்க படுத்துக்கறீங்களா? எல்லாரும் தோண்டவே வர்றாங்க, பொதையறதுக்கு ஆளே இல்ல."

ஞாயித்துக்கிழமை இட்லி

ஸ்டெல்லாவும் அந்த ஹால்ல இருந்தவதான், அப்ப ஒம்பதாவது படிச்ச புள்ளை. ஃபேக்டரிப் பக்கம் வேற லைன்ல வீடு குடுத்து அங்க போனதுலிருந்து தெனம் காலையில வாந்தி. துரும்பா எளைச்சுட்டா. நான் பூச்சி மாத்திரை குடுத்தேன், டாக்டர் ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாரு. ஒண்ணும் சிக்கலை.

அவங்கப்பா அந்தோணி, தேயிலை ஃபேக்டரியில வேலை. அவரு முடிவே பண்ணிட்டாரு. "ஞாயித்துக்கிழமை மட்டும் இட்லி நல்லா எறங்குதுங்க. ஸ்கூலுக்கு டிமிக்கி குடுக்கறா. படிப்பை நிறுத்திப்போட்டு, பெருந்துறையில எங்கக்கா ஊட்டுல உட்டுப்போடறேனுங்க."

காலைச் சங்கு

எனக்கு எரிச்சலான எரிச்சல். நல்லாப் படிக்கற புள்ளைங்க! மறுநாள் விடிஞ்சதும் அவங்க ஊட்டுல போய் உக்காந்துட்டேன். ஸ்டெல்லா சிரிச்சுப் பேசிட்டு சாப்பிட்டுட்டுதான் இருந்தா. வேலைக்குக் கூப்பிடற ஃபேக்டரிச் சங்கு ஊதுச்சு. காதைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு ஓடினவ, வாசல்ல போய் வாந்தி எடுத்துட்டா.

ஞாயித்துக்கிழமை சங்கு கெடையாது. மண்ணு சரிஞ்ச அன்னைக்கு, எல்லாரும் வெளிய ஓடட்டும்னு அதே சங்கைத்தான் விடாம ஊதியிருக்காங்க. ஸ்டெல்லா ஓடி வந்துட்டா. அவ கூட்டாளி மாலதி வரலை. இதை அந்தோணிகிட்ட சொன்னதும் மனுசன் அப்படியே உக்காந்துட்டாரு. "நானும் தெனம் அந்தச் சத்தத்துலதானுங்க சட்டை மாட்டறேன். எனக்கு ஒறைக்கவே இல்லீங்களே."

சுவிட்சு

நாங்க கூட்டிட்டுப் போய்க் காட்டின கோயமுத்தூர் மனநல டாக்டர், சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா பழக்கச் சொன்னாரு. மொதல்ல என் போன்ல பதிவு பண்ணி மெதுவா வெச்சோம். அப்புறம் தேயிலைக் காட்டு ஓரத்துல நின்னு கேட்டோம், அப்புறம் ஃபேக்டரி கேட்டுல. பல நாள் அழுதா, சில நாள் என்னைத் திட்டினா. நான் விடலை. கடைசியில "நானே ஊதறேன்"னு அவளே சொன்னா. ஃபேக்டரி மேனேஜர் மொகத்தைச் சுளிச்சாரு. அவருக்கு நான் குடுத்த டோஸை இங்க எழுத முடியாதுங்க.

ஸ்டெல்லா சுவிட்சை அழுத்தினா. சங்கு ஊதுது, ஊதுது, அவ கையை எடுக்கவே இல்லை. மேனேஜர் "போதும்மா, போதும்மா"ங்கறாரு. கண்ணுல தண்ணி ஓட, அவ அசையாம நின்னா.

"இருங்க சார், மாலதிக்கும் கேக்கட்டும்."

இப்ப பத்தாவது படிக்கறா, கணக்குப் பரிட்சைன்னா மட்டும் வயித்தைக் கலக்குதாம், அதுக்கு எங்க வைத்தியத்துல இன்னும் மருந்து வரலீங்க.