காதணி விழா பிளக்ஸில் என் முகம்

மகளை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு ராசிபுரம் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. மச்சினன்மார் இருவரும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். நான் மலையிலேயே இருந்துகொண்டேன். மிளகையும் மரவள்ளியையும் யார் பார்ப்பது? மாதம் ஒருதடவை இறங்கி வருகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். முதல் வருடம் இறங்கினேன். அப்புறம் மழை, களையெடுப்பு, மிளகு பறிப்பு என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். பொய் எதற்கு, அடிவாரத்துக் காரவள்ளி வரை எழுபது வளைவும் இறங்கிப் போய், மச்சினன்மாருக்கு நடுவில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்துவிட்டு வர எனக்குப் பிடிக்கவில்லை. கோபம் எனக்கு மூக்கின் மேல் இருக்கும். நான் போகாததில் பாதி அதனால்தான்.

ஏழு வயதில் மகளுக்குக் காது குத்துவது என்று முடிவானது. மண்டபம், சமையல், சீர் எல்லாவற்றையும் மச்சினன்மாரே பேசி முடித்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது, அதனால் அவர்கள் கைதான் ஓங்கும். எனக்கென்று ஒரு வேலையும் மிச்சமில்லை. மனைவி குடியிருக்கிற தெருவில் ஒருத்தருக்காவது நான்தான் இந்தப் பிள்ளையின் அப்பன் என்று தெரியுமா என்ற நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. மண்டப வாசலில் வைக்கிற பிளக்ஸை நான் செய்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தெரியுமா என்று மனைவி கேட்டாள். தெரியாமலா சொல்கிறேன் என்று எரிந்து விழுந்தேன். கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆன் பண்ணுவதும் ஆஃப் பண்ணுவதும்தான்.

மனைவி பன்னிரண்டாவது படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்தேன். டிசைன் செய்ய எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்க மலையில் எனக்கு ஆள் இல்லை. போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்று ஒருவர் போடும் வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குவார். ஒரு வாரத்தில் நானும் பதிலுக்கு வணக்கம் சொல்லும் ஆளாகிவிட்டேன். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்களில் என்னிடம் தினமும் பேசியது அவர் ஒருவர்தான்.

அவர் மூன்றைக் காட்டினார். முதலாவது, பிளக்ஸ் கடைக்காரர்கள் எல்லாரும் வைத்திருப்பது. அதற்கு மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும், என் லேப்டாப்பும் அதைத் தாங்காது. இரண்டாவது இலவசம். ஒருமுறை ஏற்றிக்கொண்டால் இன்டர்நெட்கூட வேண்டாம், எதை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், கை பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஆனாலும் புதியவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார். மூன்றாவது, போனிலேயே செய்கிற ஆப். எல்லாம் ஆயத்தமாக இருக்கும். கட்டத்தில் இருக்கிற படத்தை எடுத்துவிட்டு நம் படத்தைப் போட வேண்டியதுதான்.

அவர் பேச்சைக் கேட்டு இரண்டாவதைத்தான் முதலில் ஏற்றினேன். திறந்தால் வெள்ளையாக ஒரு பக்கம். ஒரு கோடு இல்லை, ஒரு முகம் இல்லை. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடுதான் காலியாகக் கிடக்கிறதென்றால் இதுவுமா என்று ஆத்திரம் வந்து மூடிவிட்டேன். போன் ஆப்பைத் திறந்தேன். காதணி விழா என்று போட்டதும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் கட்டத்துக்குக் கட்டம் ஆட்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எவரோ. இருந்தாலும் முகங்கள். நான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் கிடையாது.

நடுவில் மகளை வைத்தேன். மனைவி வாட்சப்பில் அனுப்பிய பட்டியல்படி தாய்மாமன்கள், அத்தைகள், அவர்கள் பிள்ளைகள், வீட்டு ஓனர் என்று எல்லாரையும் வைத்தேன். பார்த்தால் கட்டம் தீர்ந்துவிட்டது. எனக்கு இடமில்லை. கட்டத்தை நகர்த்தலாம் என்றால் அது அசையவே இல்லை. மேலே இரண்டு வட்டங்கள் மட்டும் மிச்சம். ஒன்றில் காலமான மாமனாரை வைத்தேன். பக்கத்து வட்டத்தில் என்னை வைத்தேன். சட்டையோடு இருந்தது கல்யாணத்தின்போது எடுத்த படம் ஒன்றுதான். வட்டத்துக்குள் போனதும் அது தானாகக் கறுப்பு வெள்ளையாகி, சுற்றிலும் ஓர் ஒளி வந்தது. அட, நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. மாமனார் பக்கத்தில் சரிசமமாக இருப்பதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மனைவி அண்ணன்களின் வரிசை சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றாள். மச்சினன் அதைக் கடையில் கொடுத்து அடித்துவிட்டான்.

விழாவன்று முதல் பஸ்ஸில் இறங்கினேன். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் அது நின்றது. உச்சியில் என் முகம். கையில் வாழைத்தாரோடு நின்று ஆசை தீரப் பார்த்தேன். உள்ளே மகள் பட்டுப்பாவாடையில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் மாமன் கூப்பிட்டதும் ஓடிவிட்டாள். பஸ்ஸில் வந்த களைப்பாக இருக்கும், முதல் பந்தியில் சாப்பிட்டுவிடுங்கள் என்று மனைவி அனுப்பிவைத்தாள்.

பக்கத்து இலையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா. மனைவியின் வீட்டுக்கு எதிர்வீடு என்று அவராகவே பேச்சுக் கொடுத்தார். என் நரைத்த தாடியைப் பார்த்து, வாசல் பிளக்ஸில் இருப்பவன்தான் இவன் என்று யாரால் சொல்ல முடியும்?

"பாவங்க அந்தப் புள்ள" என்றார் குரலைத் தாழ்த்தி. "ரெண்டு வருசமா எதுத்தாப்புல இருக்கறன், அப்பன கண்ணுல பாத்ததில்லீங்க. கேட்டா மலையில இருக்கறாரு, மலையில இருக்கறாருன்னே சொல்லுமுங்க அவங்கம்மா. இன்னைக்கு போர்டுல மேல பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது. அவங்கம்மாவுக்கு வெளிய சொல்ல மனசு ஒப்புக்கல போல."

பிட்ட இட்லியை இலையிலேயே வைத்தேன். மாமனாருக்குப் பக்கத்தில் நான் ஏன் அப்படி ஒளிர்ந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வேறு நாளாக இருந்தால் இலையைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்திருப்பேன். அன்றைக்குக் கோபமே வரவில்லை. இந்த இரண்டு வருடத்தில் ஒருநாளாவது அந்தத் தெருவில் நடந்திருந்தால் இந்த அம்மா இப்படிச் சொல்லியிருப்பாரா? அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டேன்.

"நீங்க புள்ளைக்கு என்ன வேணுமுங்க?" என்று கேட்டார்.

அப்பன் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அந்த போர்டு செஞ்சவனுங்க" என்றேன்.

ரொம்ப அழகாக இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தை மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணமுங்க. எங்க ஊட்டுக்காரரு போயி ஆறு வருசமாச்சு. அவரையும் அப்படி மேல, வட்டத்துல வெச்சுத் தருவீங்களா?"

"வெச்சுத் தாரேனுங்க" என்றேன்.